15,000 ரூபாயில் வீட்டுப் பட்டறை: எந்த மெஷினில் காசு மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

மேடவாக்கம்_மாடி:

வணக்கம். மேடவாக்கத்தில் அபார்ட்மென்ட். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை, எட்டுக்கு ஆறு அடி. அசோசியேஷனில் சொல்லி அனுமதி வாங்கியாச்சு. செய்யப்போகிற வேலை: 18 மி.மீ. பிளைவுட்டில் புத்தக அலமாரி, கிச்சன் ரேக், சுவரில் ஷெல்ஃப் மாட்டுவது, எப்போதாவது இரும்பு ஆங்கிள் வெட்டி ஸ்டாண்ட் செய்வது. கையில் 15,000 ரூபாய். ஆன்லைனில் டிரில், கிரைண்டர், மார்பிள் கட்டர், கூடவே நூறு பிட் என்று ஒரே பெட்டியாக நாலாயிரத்துக்குள் கிடைக்கிறது. அதை வாங்கலாமா, ஒவ்வொன்றாக நல்ல கம்பெனியில் வாங்கணுமா? பேட்டரி மெஷினா, வயர் மெஷினா என்பதிலும் குழப்பம்.

செம்புக்கம்பி:

அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். மெஷின் மட்டமாக இருக்கும் என்பதைவிட, அதற்கு உதிரிபாகம் கிடைக்காது என்பதுதான் பெரிய காரணம். இந்த வகை மெஷின் எல்லாவற்றிலும் தேய்ந்துபோவதற்கென்றே கார்பன் பிரஷ் வைத்திருக்கிறார்கள். அது தீரும், மாற்றணும். அடுத்து ஸ்விட்ச், வயர் உடம்புக்குள் நுழைகிற இடம், பேரிங், கடைசியில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் செம்புச் சுருள்). இந்த ஐந்தும் தனித்தனியாகக் கிடைக்கிற மெஷின் என்றால் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் பல வருஷம் உழைக்கும். கிடைக்காவிட்டால் ஐம்பது ரூபாய் பிரஷ் தேய்ந்த அன்றைக்கே மெஷினைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அதனால் கடையில் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ்?" என்பதாக இருக்கக் கூடாது. "இந்த மாடலுக்கு ஆர்மேச்சர், பிரஷ், ஸ்விட்ச் உங்களிடமே இருக்கா?" என்று கேளுங்கள். "சர்வீஸ் சென்டர் பார்த்துக்கும்" என்று பதில் வந்தால், அந்த சென்டர் சென்னையில் எங்கே என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வாட்ஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். லேபிளில் இருப்பது மெஷின் இழுக்கிற மின்சாரம், தருகிற சக்தி அல்ல. ஒரே அளவு, ஒரே எடையில் இருக்கும் இரண்டு 4 இன்ச் கிரைண்டரில் ஒன்றில் 670, மற்றதில் 1,050 என்று போட்டிருந்தால் 1,050 எனக்கு நம்பும்படியாக இல்லை. சக்தி செம்பிலிருந்தும் இரும்புத் தகட்டிலிருந்தும்தான் வரணும். இரண்டுக்கும் எடை உண்டு.

கையில் எடுத்துப் பார்க்கும்போது:

கிரைண்டரில் டிஸ்க் மாட்டும் தண்டை, அதாவது ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ஆடவே கூடாது. டிரில்லில் பிட்டைக் கவ்வும் முன்பாகத்தை (சக்) பிடித்து அதே சோதனை. அதில் ஹேமர் வேலைக்காக முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும், அது சரி. பக்கவாட்டில் ஆடினால் வேண்டாம்.

வயரை மடித்துப் பாருங்கள். நல்ல ரப்பர் வயர் துவண்டு விழும். மட்டமான பிவிசி வயர் மடித்த இடத்தில் விறைத்து நிற்கும், அதுதான் சீக்கிரம் உள்ளே அறுகிறது.

லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கணும். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். அந்த மெஷினுக்கு எர்த் தேவையில்லை, இரண்டு கம்பி வயரோடுதான் வரும். குறியும் இல்லை, எர்த்தும் இல்லை என்றால் தொடாதீர்கள்.

கடையில் சுமையில்லாமல் ஒரு நிமிஷம் ஓட்டச் சொல்லுங்கள். காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தால் பிரஷ் முனையில் சின்ன நீலப் பொறி தெரியும், அது இயல்பு. கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செம்பு வளையம்) சுற்றி வளையமாக ஆரஞ்சு நெருப்பு ஓடினால் ஆர்மேச்சரில் கோளாறு.

608_பேரிங்:

செம்புக்கம்பி சொன்னதோடு ஒன்று. விலை குறைந்த சில டிரில்களில் பின்முனையில் பேரிங்குக்குப் பதில் வெறும் உலோக வளையம், புஷ் என்பது, போட்டிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது வித்தியாசமே தெரியாது. புஷ் தேய்ந்ததும் ஆர்மேச்சர் சாய்ந்து, ஃபீல்டு காயிலின் இரும்பில் உரசி, இன்சுலேஷன் உரிந்து புகைந்துவிடும். பெட்டியில் "பால் பேரிங்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஸ்பேர் பார்ட்ஸ் படம் இருந்தால் அதில் 607, 608, 6000, 6201 மாதிரி எண்கள் இருக்கும். அந்த எண்ணை எந்த பேரிங் கடையிலும் வாங்கலாம்.

தேக்குத்தூள்:

நான் வேலையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பட்டியலில் நாலு வேலை இருக்கிறது: பிளைவுட்டை நேராக வெட்டுவது, சுவரில் ஓட்டை, மரத்தில் ஸ்க்ரூ, இரும்பு வெட்டுவது. இதற்கு வயர் மெஷின் மூன்று போதும்: 13 மி.மீ. இம்பாக்ட் டிரில் (வேகம் கூட்டிக் குறைக்கும் டிரிகரும், திருப்பி ஓட்டும் வசதியும் கட்டாயம்), 110 மி.மீ. மார்பிள் கட்டர் (மர பிளேடு போட்டால் பிளைவுட் வெட்டும்), 100 மி.மீ. கிரைண்டர். மூன்றையும் நடுத்தரக் கம்பெனியில் வாங்கினால் சுமார் ஒன்பதாயிரம் ஆகும். மீதி ஆறாயிரத்தை பிளேடு, பிட், கிளாம்ப், கண்ணாடி, எக்ஸ்டென்ஷன் வயருக்கு வையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பணம் முழுவதையும் மெஷினில் போட்டுவிட்டு, கூடவே வந்த பிளேடால் வெட்டி, பிளைவுட் ஓரம் பிய்ந்ததும் மெஷினைக் குறை சொல்கிறார்கள்.

ஆனால் முதலில் உங்கள் சுவர் என்ன சுவர்?

மேடவாக்கம்_மாடி:

தட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கெட்டியாகக் கேட்கிறது. கட்டி ஆறு வருஷம் ஆன கட்டடம்.

தேக்குத்தூள்:

தட்டிப் பார்ப்பது போதாது. கண்ணில் படாத இடத்தில், அலமாரிக்குப் பின்னால், 6 மி.மீ. பிட்டில் இரண்டு அங்குலம் போட்டு, வரும் தூளைப் பாருங்கள்.

சிவப்புத் தூள் என்றால் செங்கல். இம்பாக்ட் டிரில் தாராளம். வெள்ளையாக, மாவு போல, லேசாக வந்தால் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்). ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றலில் மட்டும் போடணும், இல்லாவிட்டால் ஓட்டை அகலமாகி, ஸ்க்ரூ பிடிக்க சுவருக்குள் செருகும் பிளக் நிற்காது. அதற்கென்று விற்கும் நீளமான பிளக் வாங்கணும். சாம்பல் நிறத் தூள், பிட் முக்கிக்கொண்டு இறங்குகிறது என்றால் கான்கிரீட். சாம்பல் நிறம், ஆனால் சுலபமாக இறங்குகிறது என்றால் ஃப்ளை ஆஷ் செங்கல். அதை சாதாரணச் செங்கல் போலவே நடத்தலாம்.

ஓஎம்ஆர் பக்கமும் புறநகரிலும் புதுக் கட்டடங்கள் சிலவற்றில் அலுமினியப் பலகை அடைத்து சுவரையே கான்கிரீட்டாக வார்த்திருக்கிறார்கள், மைவான் என்று சொல்வது. உங்களுடையது அப்படியென்றால் இம்பாக்ட் டிரில் அங்கே படாத பாடு படும். அதன் ஹேமர் இரண்டு பல்சக்கரம் ஒன்றின் மேல் ஒன்று குதிப்பதுதான், நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அடி. கான்கிரீட்டுக்கென்று வரும் ரோட்டரி ஹேமரில் காற்றழுத்தத்தால் தள்ளப்படும் பிஸ்டன் அடிக்கிறது, உங்கள் அழுத்தம் அதற்கு அதிகம் தேவையில்லை. எஸ்டிஎஸ் பிளஸ் பிட் (சக்கில் முறுக்காமல் செருகிப் பூட்டும் வகை) போடும் 2 கிலோ வகை வீட்டுக்குப் போதும்.

கூர்_உளி:

ரோட்டரி ஹேமரை வாங்கச் சொல்லாதீர்கள் தேக்குத்தூள் சார். ஷெல்ஃப் மாட்ட மொத்தம் இருபது ஓட்டை இருக்குமா? சென்ட்ரிங் பலகை, மிக்சர் வாடகைக்கு விடும் கடைகளில் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். பிட் மட்டும் சொந்தமாக 6, 8 என்று இரண்டு வாங்கிக்கொண்டால் போதும். ஓட்டைகளை எல்லாம் குறித்துவைத்து ஒரே நாளில் போட்டுவிடலாம்.

தேக்குத்தூள்:

இருபது ஓட்டைதான் என்றால் நீங்கள் சொல்வது சரி அக்கா. வாடகையே நல்லது. தம்பி, பிளக்கின் நீளத்தைவிட ஓட்டை 10 மி.மீ. ஆழமாக இருக்கட்டும், உள்ளே தூளை ஊதி எடுத்த பிறகுதான் பிளக். நடுவில் பிட் சட்டென்று நின்று பளபளப்பான தூள் வந்தால் கம்பியில் முட்டுகிறது. பலத்தைக் காட்டாமல் மூன்று, நாலு சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போடவே வேண்டாம், வயர் பைப் அந்த வழியில்தான் போகும்.

பாரிமுனை_நடை:

எங்கே வாங்குவது என்பதற்கு: பிராட்வே (பிரகாசம் சாலை), லிங்கிச் செட்டித் தெரு, இவற்றை ஒட்டிய தெருக்கள். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே எல்லாம் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனி மதியத்துக்குள் போங்கள். முதல் கடையில் விலை கேட்டு, மூன்றாவது கடையில் பேரம் பேசி, உதிரிபாகம் வைத்திருக்கிற கடையில் வாங்குவதுதான் முறை. பத்து, இருபது ரூபாய்க்காக அந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டி இல்லை. பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருஷம், புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்கணும். 2011ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகள்படி இது கட்டாயம். பெரிய கம்பெனிப் பெயரோடு, அதே நிறத்தில், இந்த விவரம் ஒன்றும் இல்லாத பெட்டி வந்தால் போலி. வரிசை எண் மெஷினிலும் பெட்டியிலும் வாரண்டி கார்டிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

பெயர் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். போஷில் நீல நிறம் தொழில்முறைக்கு, பச்சை வீட்டு உபயோகத்துக்கு. மகிட்டாவின் எம்டி வரிசை அவர்களுடைய விலை குறைந்த வரிசை, முன்பு மேக்டெக் என்ற பெயரில் வந்தது. ஹைகோகி என்பது பழைய ஹிட்டாச்சி கோகிதான், 2018இல் பெயர் மாறியது. டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கீழ் வருகின்றன. ஆனால் மூன்றின் உள்பாகமும் ஒன்றல்ல.

டிரில் பிட்டுக்கு வெளியூர்ப் பெயர் தேட வேண்டாம். அடிசன் நம்ம ஊர்க் கம்பெனி, 1873இல் மெட்ராஸில் ஆரம்பித்தது. அதில் எச்எஸ்எஸ் பிட் (இரும்பிலும் மரத்திலும் ஓட்டை போடும் கெட்டி எஃகு பிட்) 3, 4, 5, 6, 8 மி.மீ. ஐந்து மட்டும் வாங்குங்கள். கட்டிங் டிஸ்குக்கு முருகப்பா குழுமத்தின் க்யூமி (CUMI). நூறு பிட் பெட்டியில் வருகிறது பாருங்கள், அது இரும்பில் இரண்டு ஓட்டைக்குள் முனை மழுங்கிவிடும்.

மேடவாக்கம்_மாடி:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஒரு சந்தேகம். மார்பிள் கட்டர் தனியாக வாங்காமல், கிரைண்டரிலேயே மரம் வெட்டும் பிளேடு போட்டால் ஆகாதா? சைட்டில் ஆசாரிகள் அப்படித்தான் வெட்டுகிறார்கள். 3,500 மிச்சமாகும்.

கூர்_உளி:

கூடாது தம்பி. இது ஒன்றில் மட்டும் மாற்றுக் கருத்தே இல்லை.

4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுற்று. 100 மி.மீ. டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உராய்ந்து வெட்டும் டிஸ்க் மாட்டிக்கொண்டால் உடையும் அல்லது நிற்கும். பல் வைத்த பிளேடு மாட்டிக்கொண்டால் மரத்தைக் கடித்து மெஷினையே உங்கள் பக்கம் எறியும். மர பிளேடு 110 மி.மீ., அதன் ஓட்டை 20 மி.மீ.; 4 இன்ச் கிரைண்டரின் டிஸ்க் 100 மி.மீ., ஓட்டை 16 மி.மீ. அதனால் வாஷர் வைத்து ஒப்பேற்றி, பிளேடு இடிக்கிறதென்று கார்டையும் (டிஸ்கை மூடும் பாதுகாப்புத் தகடு) கழற்றிவிடுவார்கள். அடியில் தாங்கும் தட்டும் இல்லை. ஸ்லைடு ஸ்விட்ச் என்றால் கையை விட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். தொடையும் கழுத்தும் அறுபடுவது இப்படித்தான்.

கிரைண்டர் வாங்கும்போது கார்டு ஸ்பேனர் இல்லாமல் திருப்பி வைக்கிற மாதிரி இருக்கிறதா பாருங்கள். கஷ்டமாக இருந்தால் ஆட்கள் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். டிஸ்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதம் அச்சாகியிருக்கும், தயாரித்ததிலிருந்து மூன்று வருஷம். ரெசின் ஈரம் குடித்தால் வலு போய்விடும், நம்ம ஊர் ஐப்பசி மழைக்கு மாடி அறையில் திறந்து கிடந்தால் இன்னும் சீக்கிரம். பழைய டிஸ்கைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சாண்டர், ஹீட் கன் மாதிரி மெஷினில் விலை குறைந்ததை வாங்கிப் பார்க்கலாம், கெட்டுப்போனால் வேலை நிற்கும், அவ்வளவுதான். கிரைண்டரில் அந்தக் கணக்கு கிடையாது.

608_பேரிங்:

மார்பிள் கட்டரும் முழுப் பாதுகாப்பு இல்லை அக்கா. கீழ்ப்பக்கம் தானாக மூடும் கார்டு அதில் இல்லை. 7 இன்ச் சர்குலர் சா என்றால் கார்டு உண்டு, ஆழமும் 65 மி.மீ. வரை போகும். நான் அதைத்தான் சொல்வேன்.

கூர்_உளி:

கார்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. பணம் கூட இருந்தால் சர்குலர் சா தான். ஆனால் இவருக்கு 18 மி.மீ. பிளைவுட், மார்பிள் கட்டரில் 30 மி.மீ. வரை ஆழம் இருக்கிறது. மெஷின் சின்னது, லேசானது. பழகாத கைக்கு அது ஒரு அனுகூலம். முறையாக வெட்டினால் போதும். எப்படி என்று எழுதுகிறேன்.

40 பல் வைத்த 110 மி.மீ. டிசிடி பிளேடு (பல் முனையில் டங்ஸ்டன் கார்பைடு வைத்தது). முழு எட்டுக்கு நாலு பலகை முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், உங்கள் அறைக்குள் திரும்பவே திரும்பாது. கடையிலேயே இரண்டாக வெட்டித் தருவார்களா என்று கேளுங்கள், அல்லது திறந்த மாடியில் தரையில் வைத்து வெட்டுங்கள். அடியில் நாலு ரீப்பர் கட்டை: வெட்டும் கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு. கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் வெட்டு முடிகிற நேரத்தில் பலகை தொய்ந்து, பிளேடைக் கவ்வி, மெஷின் பின்னால் உதைக்கும்.

நல்ல முகம் கீழே இருக்கட்டும். பிளேடின் பல் கீழிருந்து மேலாக வெட்டுவதால் சிலாம்பு மேல்முகத்தில்தான் பிய்யும். பிளேடு ஆழம் 18க்கு 22 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். வழிகாட்டியாக நேரான அலுமினிய பாக்ஸ் பைப்பை இரு முனையிலும் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். பைப்புக்கும் வெட்டுக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டு எடுக்காதீர்கள். வேஸ்ட் துண்டில் ஒருமுறை வெட்டி, அளந்து, மெஷின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். பிளேடு மாற்றினால் மறுபடி அளக்கணும்.

மைகா ஒட்டிய பலகை என்றால் முதலில் 2 மி.மீ. ஆழத்தில் ஒரு ஓட்டம், பிறகு முழு ஆழத்தில் இரண்டாவது ஓட்டம். ஓரம் சுத்தமாக வரும். வெட்டி முடித்ததும் பிளேடு முழுதாக நிற்கும்வரை மெஷினைத் தூக்காதீர்கள். கார்டு இல்லாத மெஷினில் இதுதான் உங்கள் கார்டு.

பாரிமுனை_நடை:

பின்னாளில் மைகா ஓரம் சீவ டிரிம்மர் வாங்கினால் ஒரே ஒரு எச்சரிக்கை. கடையில் 6 மி.மீ., 6.35 மி.மீ. (கால் இன்ச்) இரண்டு தண்டு அளவிலும் பிட் விற்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 6 மி.மீ. பிட்டை கால் இன்ச் காலெட்டில் (பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) போட்டால் இறுகியது போலத் தெரியும், ஆனால் 30,000 சுற்றில் நழுவி வெளியே வரும். எந்தக் காலெட் என்று கேட்டு வாங்குங்கள்.

செம்புக்கம்பி:

மின்சாரம். மார்பிள் கட்டர் 1,200 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 5.2 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஓடும், ஆனால் தொடங்கும்போதும் முக்கும்போதும் இழுப்பது கூட. மாடிக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று எடுங்கள், அதில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். மழைக்காலத்தில் ஈரத் தரையில் நின்று வயர் மெஷினைப் பிடிக்கிற இடம் அது.

எக்ஸ்டென்ஷனுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், மூன்று கம்பி. ரெடிமேடாக வரும் சுருள் பெட்டிகளில் பலவற்றில் 0.75 தான் இருக்கும். சுருளில் சுற்றியபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் வயர் உருகும். முழுதாக அவிழ்த்துப் போட்டு ஓட்டுங்கள்.

மேடவாக்கம்_மாடி:

புரிகிறது. பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லையே?

செம்புக்கம்பி:

இந்தப் பட்ஜெட்டில் வெட்டும் வேலைக்கு பேட்டரி வேண்டாம். பேட்டரி மெஷினில் பாதி விலை பேட்டரிக்கும் சார்ஜருக்கும் போகிறது. கம்பெனி மாறினால் பேட்டரி பொருந்தாது, அதனால் முதல் மெஷினோடு அந்தக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டுவிடுகிறீர்கள்.

வோல்ட் எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், ஐந்து செல் சேர்ந்தால் 18. அதே ஐந்து செல் முழுச் சார்ஜில் 4.2 வீதம் 21. ஒருவர் 18 என்று எழுதுவார், ஒருவர் 20 மேக்ஸ், இன்னொருவர் 21; உள்ளே இருப்பது ஒன்றுதான். பெயரில்லாத மெஷின்களில் 48, 88 என்று எழுத்தோடு சேர்த்து ஒட்டியிருப்பதை மாடல் பெயராக எடுத்துக்கொள்ளுங்கள், வோல்ட்டாக அல்ல.

முக்கியமாக, தகரக் கூரை அறையில் பேட்டரியை வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அந்த அறை வெளியைவிடச் சூடாகும், அந்தச் சூட்டில் செல்லின் ஆயுள் வேகமாகக் குறையும். பின்னாளில் வாங்கினாலும் வீட்டுக்குள் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

தேக்குத்தூள்:

ஒரு இடத்தில் மட்டும் பேட்டரி நியாயம்: ஸ்க்ரூ. வயர் இம்பாக்ட் டிரில்லில் கிளட்ச் (ஸ்க்ரூ இறுகியதும் முறுக்குவதை நிறுத்தும் அமைப்பு) கிடையாது. ஸ்க்ரூ உட்கார்ந்த பிறகும் சுற்றி, தலையை வழித்துவிடும் அல்லது பிளைவுட்டில் பிடிப்பை அறுத்துவிடும். அடுத்த வருஷம் பணம் சேர்ந்தால் 12 வோல்ட் டிரில் டிரைவர் ஒன்று, அதுதான் நாலாவது மெஷின். அதுவரை 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முன்கூட்டியே 3 மி.மீ. சின்ன ஓட்டை (பைலட்) டிரில்லில் போட்டு, கையால் முறுக்குங்கள். பலகையின் ஓரத்தில் பைலட் இல்லாமல் முறுக்கினால் அடுக்கு பிளந்துவிடும்.

608_பேரிங்:

செகண்ட்ஹேண்ட் யாரும் சொல்லவில்லை. நல்ல கம்பெனி பழைய மெஷின், புது மட்டமான மெஷினைவிட மேல். மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். பிளக் முள் இரண்டிலும் வைத்து, ஸ்விட்சை அழுத்தி, ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஓம் அளவு பெரிதாகத் தாவாமல் ஓரளவு சீராக இருக்கணும். ஒரு இடத்தில் திடீரென்று இணைப்பே அறுந்ததுபோலக் காட்டினால் கம்யூட்டேட்டரில் ஒரு செம்புத் துண்டு போச்சு. பிரஷைக் கழற்றிப் பாருங்கள்: தேய்ந்து 6 மி.மீ. நீளம்தான் மிச்சம் என்றால் மாற்றும் நேரம், அதை விலையில் குறைக்கச் சொல்லலாம். காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை என்றால் ரீவைண்டிங் (செம்புச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது) செலவு காத்திருக்கிறது, 4 இன்ச் கிரைண்டருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது, புது ஆர்மேச்சரே மேல்.

மேடவாக்கம்_மாடி:

எல்லாம் படித்து இப்படிப் பட்டியல் போட்டிருக்கிறேன்: இம்பாக்ட் டிரில் 2,800, மார்பிள் கட்டர் 3,500, கிரைண்டர் 2,600. டிசிடி பிளேடு இரண்டு 1,100. எச்எஸ்எஸ் பிட் ஐந்து, மேசன்ரி பிட் (சுவருக்கான பிட்) இரண்டு 700. எஃப் கிளாம்ப் நாலு 1,600. வயர், ஆர்சிசிபி 1,800. கண்ணாடி, காது மூடி, என்95 மாஸ்க் 800. கூட்டினால் 14,900. சுவரில் நேற்று ஓட்டை போட்டுப் பார்த்தேன், சிவப்புத் தூள்தான். தூணில் மட்டும் சாம்பல். விடுபட்டது ஏதாவது இருக்கா?

கூர்_உளி:

கிளாம்ப் நாலும் சரி. டிசிடி பிளேடு இப்போது ஒன்று போதும், அந்தப் பணத்தில் இரும்புக்கு 100 மி.மீ. மெல்லிய கட்டிங் டிஸ்க் ஐந்து வாங்குங்கள், பட்டியலில் அது இல்லை. கையுறை போட்டுக்கொண்டு சுற்றும் மெஷினைப் பிடிக்க வேண்டாம், துணி சுற்றிக்கொள்ளும்.

பாரிமுனை_நடை:

விலை கடைக்குக் கடை இருநூறு, முந்நூறு மாறும், கையில் கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். டிரில் வாங்கும்போது சக் சாவியும் பக்கவாட்டுக் கைப்பிடியும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

செம்புக்கம்பி:

மூன்று மெஷினுக்கும் ஒரு ஜோடி கார்பன் பிரஷ் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள். பிரஷ் மாற்றினால் முதல் பத்து நிமிஷம் சுமையில்லாமல் ஓட்டணும், அப்போதுதான் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பொருந்தி உட்காரும்.

மேடவாக்கம்_மாடி:

சரி சார். சனிக்கிழமை காலையில் போகிறேன். அந்த மர பிளேடில் கம்பெனி தவிர வேறு என்ன பார்க்கணும்?

கூர்_உளி:

20 மி.மீ. ஓட்டை, 40 பல். அதன் மேல் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று எண்ணிக்கை உங்கள் கட்டரின் லேபிளில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கணும். கட்டர் 13,000 என்றால் பிளேடு 13,000க்கு மேல். எண்ணே அச்சிடாத பிளேடு என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.